ஆறு மாதச் சந்தா, ஆயுள் முழுக்க வாடகை

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்த தமிழக அரசு, 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் கொடுக்கவும் தொடங்கிவிட்டது. கொடுப்பதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. அந்தியூரிலும் தாராபுரத்திலும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளையிடம் சொந்தமாக ஒரு கணினி இருப்பது நல்லதுதான். இலவசம் என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தில் நான் இல்லை. எரிச்சல் மூட்டியது, பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பெருமையோடு அடுக்கிய பட்டியல். விண்டோஸ் 11 உண்டு, ஆபீஸ் 365 உண்டு, கூடவே பெர்ப்ளெக்சிட்டி புரோ என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கு ஆறு மாதச் சந்தாவும் உண்டாம். ஏழாவது மாதம் பணம் கட்டப்போவது யார்?

கொங்கு நாட்டில் தொழில் நடத்தும் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். இங்கே ஏழாவது மாதம் பிறந்து பல காலம் ஆகிறது. 2025 அக்டோபர் 9 அன்று கோவை அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தை ஜி.டி.நாயுடு பெயர் சூட்டித் திறந்தார்கள். ஐந்தே நாளில், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10க்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று மைக்ரோசாப்ட் கடையைச் சாத்தியது. பாலத்தைப் பற்றி ஊரே பேசியது. இரண்டாவது சங்கதியைப் பேசியவர்கள் சிஸ்டம் பார்க்கும் பையன்களும் டீலர்களும் மட்டுமே. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இருக்கும் அந்த விண்டோஸ் 10 கணினிகள் பழுதாகிவிடவில்லை. பில் போடுகின்றன, வரைபடம் காட்டுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லு என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லையென்றாலும் ஏறாது. தூக்கிப் போடு, புதிது வாங்கு.

பழையதையே வைத்துக்கொண்டு திருத்தங்களை மட்டும் வாங்கலாமே என்றால் அதற்கும் விலை உண்டு. நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. நாற்பது கணினி வைத்திருக்கும் ஒரு நூற்பாலையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு 17,080 டாலர். இன்றைய மதிப்பில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்துக்குப் புது வசதி ஒன்றும் வராது. இருப்பது இருக்கிறபடி ஓடுவதற்கே இந்தக் கட்டணம். மின் கட்டணம் ஏறினால் பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறிகள் நிற்கின்றன, சங்கங்கள் கோட்டை வரைக்கும் போகின்றன. ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் இந்த ஏற்றத்துக்கு மனுக் கொடுக்க ஓர் அலுவலகம்கூடக் கிடையாது. “மார்ச்சுக்குள்ள போட்டுட்டா பழைய ரேட்டுங்ணா” என்று டீலர் சொல்வதுதான் கிடைக்கிற ஒரே நிவாரணம்.

முறையிட இடமில்லாத நிலைமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நயாரா எனர்ஜி சாட்சி. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நிறுவனம் அது. ரஷ்யாவின் ரோஸ்னெப்ட்டுக்கு அதில் 49.13 சதவீதப் பங்கு என்பதால் 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியச் சட்டப்படி அதன் மீது எந்தத் தடையும் இல்லை. அமெரிக்காவும் அதன் மீது தடை விதித்திருக்கவில்லை. ஆனாலும் சில நாள்களில் மைக்ரோசாப்ட் அதன் மின்னஞ்சலையும் டீம்ஸையும் முடக்கியது. காசு கட்டி வாங்கிய உரிமம்! டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறிய பிறகே, அந்த மாத இறுதியில் சேவை திரும்பியது. எண்ணெய் ஆலைக்கு டெல்லியில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்பும் திருப்பூர்க்காரருக்கு யார் இருக்கிறார்கள்? நாம் உரிமத்தை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு பாய்கிறது: ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். அவர்கள் ஒரு காலைப்பொழுதில் இணைப்பைத் துண்டித்தால், அதற்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்த ஏற்பாடு ஆட்டம் காணாமல் நிற்பதற்குக் காரணம் சான்றிதழ்கள்தான் என்பது என் கட்சி.

காந்திபுரத்திலும் நூறடி சாலையிலும் 2000களில் எம்சிஎஸ்இ பலகை தொங்காத மாடிகள் குறைவு. நகையை அடகு வைத்து அதைப் படித்த பிள்ளைகள் உண்டு. 2021 ஜனவரி 31 அன்று மைக்ரோசாப்ட் அந்தச் சான்றிதழையே ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. இப்போது தருபவற்றில், அடிப்படைநிலைத் தேர்வுகளைத் தவிர, பெரும்பாலானவை ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். சிஸ்கோவின் சிசிஎன்ஏவுக்கு மூன்று ஆண்டு ஆயுள். அதற்கும் முந்தைய தலைமுறை நாவெல் நெட்வேர் படித்து சிஎன்இ ஆனது; அந்த நெட்வேரை இன்று பிள்ளைகளிடம் சொன்னால் விளங்காது. தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரி கொடுத்த பட்டத்தில் காலாவதித் தேதி அச்சிட்டு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

டீலர்களின் அந்தஸ்தை மைக்ரோசாப்ட் எப்படி நிர்ணயிக்கிறது என்று பாருங்கள். 2022 அக்டோபரில் பழைய கோல்டு, சில்வர் முறையை எடுத்துவிட்டு ‘சொல்யூஷன்ஸ் பார்ட்னர்’ முறையைக் கொண்டுவந்தார்கள். 100க்கு 70 மதிப்பெண் வாங்க வேண்டும். எதற்கெல்லாம் மதிப்பெண்? புதிதாகச் சேர்த்த வாடிக்கையாளர் எத்தனை. வாடிக்கையாளரிடம் பயன்பாடு எவ்வளவு கூடியது. சான்றிதழ் பெற்ற ஊழியர் எத்தனை பேர். மூன்றும் ஒரே மதிப்பெண் அட்டையில் வருகின்றன. இரவு பகலாகக் கண்விழித்துப் படித்துத் தேறிய பையன், கம்பெனியின் பேரேட்டில் விற்பனைக் கணக்கின் ஒரு வரி. அவனுக்குத் தெரிந்த வழி அந்த ஒரே கம்பெனியின் வழி என்பதால், சிங்காநல்லூர் பம்ப் கம்பெனிக்காரர் “சர்வருக்கு என்ன பண்ணலாம் தம்பி?” என்று கேட்டால் அவன் வாயிலிருந்து வருவதும் அதே கம்பெனியின் பெயர்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறொன்று கற்பிக்கப்படவே இல்லை.

இந்த வேலைக்கு நாம் வரிப்பணத்தையும் கொடுக்கிறோம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆண்டுக்கு 10 லட்சம் பேரைத் தயார்செய்யும் இலக்கோடு வந்தது. நோக்கம் நல்லது. நடப்பது என்ன? மைக்ரோசாப்ட், ஐபிஎம், ஆரக்கிள் பாடங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. தன் பொருளை ஓட்டக் கற்றுக்கொடுக்க விற்பவன்தான் நமக்குப் பணம் தர வேண்டும். இங்கே வகுப்பறை நம்முடையது, மாணவன் நம்முடையவன், சான்றிதழில் இருக்கும் பெயர் மட்டும் அவர்களுடையது. ஒரு தொழிற்சாலைக்கு உண்மையில் தேவைப்படும் அறிவு எந்தப் பெயரும் ஒட்டாதது. பேக்அப் எடுக்க எல்லோருக்கும் தெரியும். எடுத்த பேக்அப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் அழிக்க முடியாதபடி பதிவுசெய்யும் மென்பொருளை, கணினியில் கணக்கு வைக்கும் எல்லாக் கம்பெனிகளும், எவ்வளவு சிறியதானாலும், பயன்படுத்தியாக வேண்டும். மின்னணுக் கணக்கேட்டின் நகலைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்கவும் வேண்டும். இந்த விதிகளைப் படித்து, முதலாளிக்குப் புரியும்படி சொல்லி, குறைந்த செலவில் செய்து முடிக்கும் ஆளுக்கு எந்தக் கம்பெனி சான்றிதழ் கொடுக்கிறது? விதி வந்த மறுநாள் புதுப் பதிப்பின் விலைப்பட்டியலோடு டீலர்தான் வாசலில் நிற்கிறார்.

சான்றிதழ் இருந்தால்தானே சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளில் வேலை கிடைக்கிறது என்பார்கள். கேட்பதால் வாங்குகிறார்கள், வாங்கி வருவதால் கேட்கிறார்கள். இந்த வாதத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. ‘உலகத் தரம்’ பேசுகிறவர்கள் இன்னொரு வகை. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான திருத்தம் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. ஐதராபாத்தில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று விழுந்து கிடந்த கணினிகளைப் பராமரித்தவர்களிடம் உலகத் தரச் சான்றிதழ்களுக்குப் பஞ்சமா இருந்தது?

இந்த ஊருக்கு இது புதிய சண்டையும் இல்லை. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் அமர்ந்த ஜி.டி.நாயுடு, நான்கு ஆண்டுப் படிப்பு கால விரயம், இரண்டே ஆண்டு போதும் என்றார். ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு வெளியேறினார். பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதர்; 1937இல் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் வெளிவந்ததில் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு அவருக்கும் பங்கு உண்டு. மோட்டார் செய்வதற்கு அவர்கள் எந்த வெளிநாட்டு மோட்டார் கம்பெனியின் தேர்வையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

வாளையாரைத் தாண்டினால் கதை வேறு. என் நண்பர்கள் நான் கேரளத்தைப் பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். பரவாயில்லை, வாசகர்கள் உட்காருங்கள். கேரளம் 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பள்ளிகளிலிருந்து விண்டோஸை வெளியேற்றி, லினக்ஸில் பாடம் எழுதி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே அதைச் சேர்த்தது. 2017இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனக்கென ஒரு பதிப்பையே தயாரித்துத் தருகிறது. 2 லட்சம் கணினி, ஒவ்வொன்றிலும் உரிமக் கட்டணமாகப் போயிருக்கக்கூடிய ஒன்றரை லட்சம் ரூபாய், ஆகமொத்தம் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அது கணக்குச் சொன்னது. 3,000 கோடி! அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஆன செலவு 1,791 கோடி. கணினிக்கு ஒன்றரை லட்சம் என்பது தாராளமான கணக்கு என்பீர்கள். சரி, பாதியைத் தள்ளுங்கள். 1,500 கோடி நிற்கிறது. பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளுங்கள். அப்போதும் 300 கோடி. பாலக்காட்டுப் பிள்ளைக்கு முடிவது பொள்ளாச்சிப் பிள்ளைக்கு ஏன் முடியாது? இரண்டுக்கும் ஒரே கணவாய்க் காற்றுதான்.

நாமும் அந்தப் பாதையில் கால் வைத்தவர்கள்தான். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி.உமாசங்கர், அரசுக் கணினிகளை சூசே லினக்ஸுக்குக் கொண்டுபோனார். அவர் மாற்றப்பட்டார், வேகமும் போயிற்று. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால், அதில் ஒரு பாடம்கூட நடத்தவில்லை. தேர்வுக் கேள்வி ஒன்றிலும் அது வரவில்லை. பிள்ளைகள் அதை அழித்துவிட்டு, விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘பார்த்தீர்களா, லினக்ஸ் நம் ஊருக்கு ஒத்துவராது’ என்று அதிகாரிகள் தீர்ப்பெழுதினார்கள்.

இப்போது சுதேசிப் பருவம். மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல் சோஹோவுக்குப் போய்விட்டது. 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் சோஹோவின் ஆபீஸ் செயலிகளைப் பயன்படுத்தச் சொல்லி உத்தரவே போட்டது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்பதில் எனக்கும் பெருமை உண்டு. பட்டம் கேட்காமல் பிள்ளைகளை எடுத்துப் பழக்கிய நிறுவனம் என்பதால் மரியாதையும் உண்டு. அதற்காக, வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர் என்றால் வாடகை வீடு சொந்த வீடாகிவிடுமா? மூல நிரல் அவர்களிடம்தான் இருக்கிறது. இன்றைய நல்ல முதலாளி நாளைக்கு வேறு முடிவெடுக்கலாம். 2023 நவம்பரில் சர்வர் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்துக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் உரிமங்களை விற்பதை நிறுத்தியது. இனி சந்தா மட்டும்தான். பத்தாண்டாக அந்தச் சான்றிதழ்களை வாங்கிக் குவித்தவர்கள் செய்ய முடிந்தது, முதலாளியிடம் போய்ப் புது விலையைச் சொன்னது மட்டுமே.

ஒரு கம்பெனியின் பெயர் தாங்கிய தேர்வுக்கு அரசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. தேர்வை நம் கல்லூரிகள் வைக்கட்டும். ஜிசிடி, பிஎஸ்ஜி, சிஐடி மூன்றும் சிறுதொழில் சங்கமான கொடிசியாவோடு உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குள் வினாத்தாளைத் தயாரித்துவிடலாம்: படுத்துப்போன ஒரு சர்வர், ஒரு பழைய பேக்அப், ஒரு பகல் பொழுது, எழுப்பிக் காட்டினால் தேர்ச்சி. தகவலை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியைத் தெளிவாக எழுதாத எந்த மென்பொருள் ஒப்பந்தத்திலும் அரசு நிறுவனம் கையெழுத்திடக் கூடாது. கோவை, திருப்பூர், ஈரோடு முதலாளிகள் தங்கள் ஆள்சேர்ப்பு விளம்பரத்திலிருந்து கம்பெனிச் சான்றிதழ்களின் பெயரை எடுத்துவிட்டால், ஐந்து ஆண்டில் இந்த வட்டாரத்தின் மென்பொருள் செலவு பாதியாகும். நான் உறுதியாகவே சொல்கிறேன்.

சட்டப்பேரவைத் தேர்தல் வந்தால், தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்கள் கோவைக்கு வந்து தொழில் அமைப்புகளிடம் மனு வாங்குவார்கள். மின் கட்டணம், ஜிஎஸ்டி, விமான நிலைய விரிவாக்கம் என்று அந்த மனு மாறாமல் இருக்கிறது. அடுத்த கோரிக்கையாக இதையும் எழுத என்ன தயக்கம்? ஆண்டுதோறும் மார்ச் 31க்குள் ரினிவல் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே அந்த மனுவிலும் போடுகிறார்கள்!