அனுமாரா, ஆர்ம்ஸ்ட்ராங்கா? ரெண்டுமே தப்பு சார்!

2025 ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி தினம். இமாசலப் பிரதேசம் ஊனா மாவட்டத்தில் ஒரு நவோதயா பள்ளி. சிறப்பு விருந்தினராக வந்த முன்னாள் மத்திய அமைச்சர் அனுராக் தாக்கூர் பிள்ளைகளைப் பார்த்து, விண்வெளிக்கு முதலில் போனது யார் என்று கேட்கிறார். பசங்க கோரஸாக "நீல் ஆர்ம்ஸ்ட்ராங்" என்கிறார்கள். தனக்கென்னவோ அனுமார் என்றுதான் தோன்றுகிறது என்கிறார் அவர். அப்புறம் ஆசிரியர்களுக்கு அறிவுரை: பாடப்புத்தகத்தைத் தாண்டி நம் மரபைப் பாருங்கள்.

நாடே அனுமாரை வைத்துச் சண்டை போட்டது. எனக்குக் கடுப்பு அதில்லை. பசங்க சொன்னதும் தப்பு, அதை யாருமே திருத்தவில்லை என்பதுதான். முதலில் போனவர் யூரி காகரின். 1961 ஏப்ரல் 12, வோஸ்டோக் 1, மொத்தம் 108 நிமிஷம். ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. சரி, நம்ம ஆளு வேண்டும் என்றால் ராகேஷ் சர்மா இருக்கிறார், 1984. சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பூமிக்குத் திரும்பியது 2025 ஜூலை 15. அந்த விழாவுக்கு ஆறு வாரம்கூட முன்னால் இல்லை! இத்தனை பேர் கையில் இருக்கும்போது பிள்ளைகள் கையில் என்னத்தைக் கொடுத்து அனுப்பினோம் பாருங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கும் ஆஞ்சநேயர் ரொம்பப் பிடிக்கும். (வடைமாலை அதைவிடப் பிடிக்கும்.) குழந்தை ஒன்று சூரியனைப் பழம் என்று நினைத்து எட்டிப் பறிக்கத் தாவியது என்று ஒருத்தர் யோசித்திருக்கிறாரே, என்ன ஒரு கற்பனை அது! அதை எடுத்து விண்வெளிப் பயணிகள் பட்டியலில் வரிசை எண் போட்டுச் சேர்த்தால் கதை பெரிசாகாது. சின்னதாகிப் போகும். கவிஞனை ரிப்போர்ட் எழுதும் குமாஸ்தா ஆக்குகிற வேலை இது.

இந்த வியாதி புதுசில்லை. 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே ஒரு கட்டுரை வாசித்தார்கள். ஏழாயிரம் வருஷம் முன்னால் நம்மிடம் விமானம் இருந்ததாம், பின்னோக்கியும் பறக்குமாம், கிரகம் விட்டுக் கிரகம் போகுமாம். ஆதாரம்? பரத்வாஜ முனிவர் பெயரில் உலவும் 'வைமானிக சாஸ்திரம்'.

அந்தப் புத்தகத்தின் ஜாதகத்தை 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கணித்துவிட்டார்கள். பேப்பரைத் தூக்கிக் குப்பையில் போடாமல், சுலோகத்தின் மொழி, படங்கள், எடை, பறக்கும் கணக்கு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். இது வேத காலச் சமஸ்கிருதமே இல்லை. 1904-க்கு முந்தையது என்று காட்ட எந்தத் தடயமும் இல்லை. சுப்பராய சாஸ்திரி என்ற பண்டிதர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. படங்களைப் போட்டவர் பெங்களூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் டிராஃப்ட்ஸ்மேன். படத்தில் இருக்கும் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்ற நாலு விமானமும் பறக்காது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 41 வருஷம் முன்னால் நம்ம நாட்டு விஞ்ஞானிகளே தீர்ப்புச் சொன்ன வழக்கை, நம்ம நாட்டு அறிவியல் மாநாட்டு மேடையிலேயே மறுபடி ஏற்றினார்கள் என்றால் யாரை நொந்துகொள்வது?

"வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா?" என்று கேட்பவர்களுக்கு: ஒழுங்கே இல்லை. காகரின் கலத்தோடு தரையிறங்கவில்லை, சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே வந்து பாராசூட்டில் இறங்கினார். கலத்துக்குள்ளேயே இறங்கினால்தான் சாதனையாக ஏற்பார்கள் என்று சோவியத் அரசு அதைப் பல வருஷம் மறைத்தது. உலகத்திலேயே பெரிய சாதனையைச் செய்துவிட்டு அதன் மேல் ஒரு பொய். தேசப்பெருமைக்குப் போதும் என்ற வார்த்தையே தெரியாது போல.

ஆனால் அதே ருஷ்யாவில்தான் சியோல்கோவ்ஸ்கி என்று ஒரு பள்ளி வாத்தியார் இருந்தார். காது சரியாகக் கேட்காது. ஜூல்ஸ் வெர்ன் 1865-ல் எழுதிய நிலாப் பயணக் கதையில் மூன்று பேரைப் பீரங்கிக் குண்டுக்குள் வைத்துச் சுடுவார்கள். அதைப் படித்த மனுஷன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுட்ட நொடியிலேயே உள்ளே இருப்பவர்கள் நசுங்கிச் செத்துப்போவார்கள்! சரி, பீரங்கி ஆகாது, வேறு என்ன ஆகும்? அப்படிப் போய்த்தான் 1903-ல் ராக்கெட் சமன்பாட்டை வெளியிட்டார். கதை என்று தெரிந்ததால்தான் "எப்படி?" என்ற கேள்வி வந்தது. ஏற்கெனவே நடந்த சரித்திரம் என்று நம்பியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

நம்ம ஆட்களும் கதையைக் கதையாகத்தான் எழுதினார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் 1896-ல் ஒரு பாட்டில் தலைக்கு எண்ணெய் புயலை அடக்குவதாக ஒரு சிறுகதை எழுதிப் பரிசு வாங்கினார். மறுநாள் போய் புயலடக்கும் தைலம் என்று ஆராய்ச்சிக் கட்டுரை சமர்ப்பிக்கவில்லை :) பேகம் ரொக்கையா 1905-ல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையில் பறக்கும் வண்டி உண்டு, சூரிய வெப்பத்தை ஆயுதமாக்கிப் போரில் ஜெயிக்கும் பெண்கள் உண்டு. அச்சானது நம்ம சென்னைப் பட்டணத்துப் பத்திரிகையில். பழம்பெருமை பேசுகிறவர்கள் எத்தனை பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

நிஜமான ராக்கெட் மரபு என்று கேட்டாலும் கைவசம் இருக்கிறது. 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து 1000-க்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். திப்பு காலத்தவை. மைசூர் ராக்கெட்டைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன்னுடையதைச் செய்தார். தொட்டுப் பார்க்கக்கூடிய மரபு! ஆனால் அடுத்த வருஷமே திப்பு ஜெயந்தி ரத்து. குடகிலும் மலபாரிலும் திப்பு செய்த கொடுமைகளைத் தாராளமாகப் பேசுங்கள், பேசத்தான் வேண்டும். அதற்காக அந்த இரும்புக் குழாய் மாயமாகிவிடுமா? ஒரு திருகாணிகூடக் கிடைக்காத விமானத்துக்கு மேடை, ஆயிரம் ராக்கெட்டுக்குச் சங்கடம். இதற்குப் பெயர் மரபுப் பற்றா?

ஆரியபட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 499-ல் தனக்கு 23 வயசு என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். நம்ம செட்! சுற்றுவது வானமில்லை, பூமிதான் என்று சொன்னார். பிரம்மகுப்தர் அதை ஏற்காமல் கடுமையாக மறுத்தார். மறுத்தது தப்புதான், ஆனாலும் வாதத்துக்கு வாதம் வைத்தார். 1975 ஏப்ரல் 19-ல் நம்ம முதல் செயற்கைக்கோள் மேலே போனது இந்த ஆரியபட்டரின் பெயரில்தான்.

அப்புறம் தும்பா. காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போவதால் அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்கள் வீட்டையும் மேரி மக்தலேனா மாதா கோவிலையும் கொடுத்தார்கள், பிஷப் பெரேரா முன்னால் நின்றார். கோவில் அலுவலகமானது, ராக்கெட் பாகம் சைக்கிளில் போனது, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. 1981-ன் ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டுவண்டியில் நிற்கும் போட்டோ பார்த்திருப்பீர்கள். அது ஏழ்மை என்று கண்ணீர் விடுகிறார்கள். அட, ஆண்டெனா சோதனைக்கு உலோகம் இல்லாத மேடை வேண்டியிருந்தது, மரவண்டி வாடகைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்! சமயோசிதம் சார் அது.

அந்தத் தும்பா மாதா கோவில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். ஊனா பிள்ளைகளை ஒரு தடவை ரயிலேற்றி அங்கே அனுப்பி வையுங்கள். போகிற வழியில் ஆஞ்சநேயர் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள், ரயில் பயணம் எப்படியும் மூன்று நாள்.