வளரும் பாதத்துக்கு முட்டு எதற்கு?

"இப்போதே இன்சோல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியவனானதும் முழங்கால் தேய்ந்துவிடும்." பிள்ளையின் பாதம் தட்டையாக இருப்பதைப் பார்த்துக் கலங்கி நிற்கும் பெற்றோரிடம் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை இது. காலணிக் கடையில் கண்ணாடித் தட்டின் மேல் பிள்ளையை ஏற்றி நிறுத்துகிறார்கள். திரையில் பாதம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிகிறது; நடுவில் இருக்க வேண்டிய வெற்றிடத்தைக் காணோம். சற்று நேரத்தில் இன்சோலுக்கு அளவெடுத்தாகிவிடுகிறது. செலவாகும் பணத்தை விடவும் வருத்தம் தருவது, ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அன்றுமுதல் காலில் குறையுள்ள பிள்ளையாகிவிடுவதுதான்.

இந்த அறிவுரைக்குள் பல கூற்றுகள் பொதிந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை நிற்பதில்லை.

சிறு பிள்ளைக்குத் தட்டைப் பாதம் என்பது நோய் என்ற கூற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 835 குழந்தைகளின் பாதங்களை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். மூன்று வயதில் 54 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதம் தட்டை. ஆறு வயதில் அது 24 சதவீதமாகக் குறைந்திருந்தது. உண்மையிலேயே நோயென்று சொல்லத்தக்க தட்டைப் பாதம் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆனால் பத்தில் ஒரு குழந்தை, பாத வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் ஆர்ச் சப்போர்ட் அணிந்துகொண்டிருந்தது!

காரணம் எளிது. பச்சைக் குழந்தையின் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கிறது. மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் இளக்கமாக இருக்கின்றன. முதல் பத்து ஆண்டுகளில் அந்த நார்கள் இறுகி, தசைகள் வலுத்து, வளைவு தானாக எழுகிறது. குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவரும் குழந்தை சிமெண்டுத் தரையில் முழுப் பாதத்தையும் பதித்துவிட்டுப் போவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பிள்ளையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எம்பச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்கலாம். உட்பக்கம் வளைவு எழும்பி, வெளியே சரிந்திருந்த குதிகால் உட்பக்கமாகத் திரும்பினால், அது வளைந்துகொடுக்கும் பாதம். வலியும் இல்லையென்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை.

"சீக்கிரம் போட்டால் வளைவு உருவாகிவிடும்" என்பது அடுத்த கூற்று. இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வெங்கர் என்ற மருத்துவரின் குழுவினர் தட்டைப் பாதம் கொண்ட 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறப்புக் காலணி, இன்னொன்றுக்குக் குதிகால் கிண்ணம், மூன்றாவதற்கு அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் இன்சோல். நான்காவது குழுவுக்கு எதுவுமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது நான்கு குழுக்களிலும் பாதம் தேறியிருந்தது. எதுவும் போடாத பிள்ளைகளுக்கும் போட்ட பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1989-இல் வெளியான முடிவு இது. "இன்சோல் போட்டோம், சரியாகிவிட்டது" என்று பெற்றோர் மனப்பூர்வமாகச் சொல்லும் சாட்சியின் விளக்கமும் இதிலேயே இருக்கிறது. போடாமல் விட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சரியாகியிருக்கும். 16 ஆய்வுகளையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் தொகுத்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும், வலியில்லாத பிள்ளைகளுக்கு இன்சோலால் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்றைக் காணவில்லை.

"போட்டால் நஷ்டமொன்றும் இல்லையே?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. சிறுவயதில் திருத்தக் காலணி அணிந்தவர்களை, அவர்கள் வளர்ந்த பிறகு விசாரித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1998-இல் வந்தது. கேலியும் சங்கடமும் அவர்கள் நினைவில் தங்கியிருந்தன. தங்களைப் பற்றிய மதிப்பும் மற்றவர்களை விடக் குறைந்திருந்தது. ஒரு பயனும் தராத வைத்தியத்துக்கு ஒரு குழந்தை இந்த விலையைக் கொடுக்க வேண்டுமா?

காலணி சீக்கிரம் வந்தால் பாதம் நன்றாக வளரும் என்ற எண்ணமும் தென்னிந்தியாவிலேயே கேள்விக்குள்ளானது. 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களைச் சேகரித்து ராவ், பெஞ்சமின் ஜோசஃப் என்ற இரு மருத்துவர்கள் 1992-இல் எழுதினார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு நடப்பவர்களில் 2.8 சதவீதம்தான். காலணியே காரணம் என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெறுங்கால் பாதத்தைக் கெடுக்கும், முட்டுக் கொடுத்தால்தான் தேறும் என்ற வாதத்துக்கு இது நேர் எதிர்.

பிறகு ராணுவம். "தட்டைப் பாதம் இருந்தால் செலெக்‌ஷனில் கழித்துவிடுவார்கள்" என்ற பயத்திலேயே பலர் இன்சோல் வாங்குகிறார்கள். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் வளைந்துகொடுத்து வலியில்லாமல் இருந்தால் ஏற்கலாம் என்றே நம் படைகளின் மருத்துவத் தேர்வு நெறிமுறை சொல்கிறது. 1993-இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரைக் கவனித்தபோது, மிகத் தட்டையான பாதம் உடையவர்களுக்குத்தான் காயம் மிகக் குறைவாக ஏற்பட்டிருந்தது. உயர்ந்த வளைவு உடையவர்களே அதிகம் காயப்பட்டார்கள்.

குதிகால் வலியுள்ள பெரியவர்களுக்கு இன்சோல் சில மாதங்கள் ஓரளவு உதவும். ஆனால் அளவெடுத்துச் செய்ததும் ஆயத்தமாகக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று 135 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனை 2006-இல் காட்டியது.

இதனால் இன்சோலே வீண் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. பாதம் வலித்தாலோ விறைத்துப்போய் நுனிக்காலிலும் வளைவு எழாவிட்டாலோ, நடுவயதில் ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகிக் கணுக்காலின் உட்புறம் வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் விட அவசரமான இன்னொரு பாதம் இருக்கிறது: சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம். "முன்கூட்டியே" என்ற சொல் அந்தப் பாதத்துக்குத்தான் முழுக்கப் பொருந்தும். அங்கேதான் அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் இதேபோல் மரத்துப்போன கால்களைப் பார்த்து இந்த ஆபத்தைப் புரிந்துகொண்டார். சதை தானே அழுகி விழுகிறது என்று அதுவரை நம்பினார்கள். உணர்ச்சியில்லாத பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணாகிறது என்று அவர் காட்டினார். வேலூரை அடுத்த கரிகிரியில் மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர்) ரப்பர் வைத்த செருப்புகள் இந்தப் புரிதலில்தான் உருவாயின. சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனை, ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய 241 சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் முடிவை வெளியிட்டது. எம்.சி.ஆர். உள்ளிட்ட சிறப்பு இன்சோல் அணிந்தவர்களில் 4 சதவீதத்தினருக்கு மறுபடி புண் வந்தது. தங்கள் பழைய செருப்பையே அணிந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு.

காலை எடுக்க வேண்டிய நிலைவரை போகும் புண்கள் இவை. பல வீடுகளில் பேரனுக்கு ஆர்ச் சப்போர்ட் வாங்கிக் கொடுக்கும் தாத்தா, தேய்ந்துபோன ஹவாய் செருப்பில் நடந்துகொண்டிருக்கிறார். அவர் விரலடியில் காய்ப்புத் தட்டியிருக்கிறதா, கோயில் பிராகாரத்துக் கல் சுட்டது தெரியாமல் கொப்புளம் கிளம்பியிருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வீட்டில் வாங்கப் போவது ஒரே ஒரு ஜோடி என்றால் அதை அவருக்குத்தான் வாங்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது பாதத்தையும் காட்டிச் சோதிக்கச் சொல்ல வேண்டும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டுப் பார்த்தாலே உணர்ச்சி குறைந்திருப்பது தெரிந்துவிடும். அதற்குச் சில நிமிடங்கள் போதும். குறைந்திருந்தால், குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும், ரப்பர் அமுங்கித் தட்டையானதும் மாற்ற வேண்டும், தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.