பசித்த குழந்தைக்கு இடம் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி விடுமுறையில் ஒரு நாள், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் காலைப் புகையிரதத்தில் ஏறினேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி. இருந்தவர்களிலும் நின்றவர்களே அதிகம். எனக்கு எதிரே கைக்குழந்தையுடன் ஓர் இளந்தாய் அமர்ந்திருந்தாள். கிளிநொச்சியைத் தாண்டியதும் குழந்தை சிணுங்கத் தொடங்கிற்று. வவுனியாவை அணுகும்போது அச்சிணுங்கல் வீறிட்ட அழுகையாக மாறிற்று. தாய் அதனைத் தோளிற் போட்டுத் தட்டினாள், கிலுகிலுப்பையை ஆட்டினாள், யன்னலூடாக மேய்ந்துகொண்டிருந்த மாட்டைக் காட்டினாள். பசிக்கு மாட்டைக் காட்டி என்ன பயன்?

அவளுடைய கண்கள் ஒருமுறை சுற்றிலும் பார்த்தன. எதிரே நான், என் அருகே உத்தியோகத்தர் போன்ற ஒரு பெரியவர், நடைவழியில் நாலைந்து வாலிபர். ஈற்றில் அவள் யன்னற் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்க முற்பட்டாள்.

அருகிருந்த பெரியவர் எவரையும் பாராமல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இதெல்லாம் வீட்டிலை செய்யிற வேலை. ஒரு போத்திலிலை பாலைக் கரைச்சுக் கொண்டு வரப்படாதே?"

வாலிபர் சிரித்தனர். தாய் குழந்தையைப் பறித்தெடுப்பதுபோல் எடுத்து மடியில் இருத்தினாள். அழுகை மறுபடியும் எழுந்தது.

நான் என்ன செய்தேன்? பட்டதாரி; ஒரு கல்லூரியிற் பிறர் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் போதிப்பவன்; கையிலிருந்த புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அதுவே பண்பு என்று அப்போது நினைத்தேன்.

அப்பாலிருந்த ஓர் ஆச்சி எழுந்து வந்தார். "பிள்ளை, நீ குடு மேனை," என்று தாயிடம் சொல்லிவிட்டு, வாலிபர் பக்கம் திரும்பினார். "தம்பிமார், அங்காலை பாத்து நில்லுங்கோ. நீங்களும் இதைக் குடிச்சு வளந்தனீங்கள்தானே?" பின்பு பெரியவரைப் பார்த்து, "ஐயா, பசிக்கு வீடு, றெயில் எண்டு தெரியுமே?" என்றார். பெரியவர் வாய் திறக்கவில்லை. ஆச்சி தாயின் அருகே நெருக்கி அமர்ந்துகொண்டார். இரண்டு நிமிடத்தில் அழுகை ஓய்ந்தது.

திரும்பி வந்தபின் இச்சம்பவத்தை என் மனைவியாரிடம் ஒரு கதைபோலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சற்றுநேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மூத்தவனுக்கு மூண்டு மாசமா இருக்கேக்கை, பத்திரம் ஒண்டு எடுக்க ஒரு கந்தோருக்குப் போனம், நினைவிருக்கே? அவன் பசியிலை கத்தினான். இருக்க இடமில்லை. நான் கக்கூசுக்குள்ளை நிண்டுகொண்டு அவனுக்குப் பால் குடுத்தனான். இருபது நிமிஷம். வெளியிலை வந்த உடனை நீங்கள், 'என்ன இவ்வளவு நேரம்' எண்டு கோவிச்சனீங்கள்."

"நீர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொல்லுற விஷயம் எண்டு அப்ப எனக்கும் தெரியேல்லை," என்றார்.

அந்த மறுமொழி என்னை இன்றும் விட்டபாடில்லை. நம்மில் எவரேனும் மலகூடத்தினுள் நின்று சோறுண்ண உடன்படுவோமா? என் மகன் தன் வாழ்நாளின் நூறாவது நாளளவில் அவ்வாறு உண்டிருக்கிறான். நான் அக்கதவுக்கு வெளியே நின்று பத்திரிகை வாசித்திருக்கிறேன்.

நிற்க. இந்த நாணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நமது பண்பாட்டிலிருந்து வந்தது என்பார் பலர். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அதனை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் இடந்தரவில்லை. புறநானூற்றில் 278ஆம் பாட்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. போரில் மகன் புறங்காட்டினான் என்று கேள்வியுற்ற முதியதாய், அது மெய்யாயின் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினங் கூறிச் செல்கிறாள். களத்திலே சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற பொழுதினும் பெரிதாக மகிழ்கிறாள். வீரத்துக்கு ஊற்று எதுவென்று அத்தாய் கருதினாள்? அச்சொல்லைப் பெண்பாற் புலவரொருவர் கூசாமல் ஆண்டார். சான்றோர் கூசாமற் கேட்டனர். சைவ மக்கள் போற்றும் ஞானசம்பந்தர் வரலாற்றிலும், பசித்தழுத மூன்று வயதுப் பாலகனுக்கு அம்மை திருமுலைப்பால் அருளியது சீகாழித் திருக்குளக் கரையில். நாற்புறமும் திறந்த அவ்விடத்தில் அழுகைதான் முதலிற் கேட்கப்பட்டது.

ஆயினும் இப்பாட்டு வரும் வேளையில் வகுப்பின் பின்வாங்குகளில் ஒரு சிரிப்பு எழும். அச்சிரிப்புக்கு அஞ்சி, அச்சொல்லை விரைந்து வாசித்துக் கடந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். புகையிரதத்திற் சிரித்த வாலிபரை யார் படிப்பித்தார் என்று கேட்டால், எம்போன்றோரே படிப்பித்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

இனி, வைத்திய நூலார் கூறுவதைப் பார்ப்போம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பாலருந்தும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலன்றி வேறொன்றும், தண்ணீரும்கூட, வேண்டியதில்லை. அதன்பின் ஏனைய உணவுகளோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. இக்கணக்கை மாணவர்கள் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பசிக்கும் குழந்தையை உடைய தாய், வெளியிலே பால் கொடுக்கக் கூடாதென்றால், அவள் வைத்தியசாலைக்கோ, சந்தைக்கோ, கோயிலுக்கோ, உறவினர் வீட்டுச் சாவுக்கோ போகலாகாது என்பதே பொருள். ஒரு பெண்ணுக்கு நாம் விதிக்கும் வீட்டுச் சிறை அது.

இன்னுமொன்று உண்டு. குழந்தை சுவைக்கும்போது தாயின் உடலில் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் சுரந்து, பாலை வெளியே செலுத்துகின்றது. அச்சமும் பதற்றமும் வெட்கமும் இச்செயலைத் தடைசெய்யும். ஆகவே, முறைத்துப் பார்க்கும் கண் தாயின் மனத்தை மாத்திரம் புண்படுத்துவதன்று. குழந்தையின் வாயிலிருந்து பாலையும் தடுத்துவிடுகின்றது. கொடுக்காது தேங்கிய பால் கட்டிப்பட்டுத் தாய்க்கு நோவையும் காய்ச்சலையும் உண்டாக்கலாம்.

"போத்திலிற் கரைத்துக் கொண்டு வரக்கூடாதா" என்ற பெரியவரின் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. புட்டிப்பாலே நாகரிகம் என்ற எண்ணத்தைப் பால்மா விளம்பரங்கள் உலகெங்கும் பரப்பின. சுத்தமற்ற நீரிலும், வறுமையினால் மிகையாக நீர் கலந்தும் கரைத்த பால்மாவினால் ஏழை நாடுகளிற் குழந்தைகள் வயிற்றோட்டத்துக்கும் மெலிவுக்கும் ஆளாகி மாண்டன. அதனாலன்றோ 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, பால்மா விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே, அமெரிக்காவினுடையது. இலங்கை 1983ஆம் ஆண்டிலேயே தனக்கெனக் கோவையொன்றை வகுத்துக்கொண்டது. நமது குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுவீடாகச் சென்று செய்த தொண்டின் பயனும் சேர்ந்து, 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 தாய்ப்பாலை மாத்திரமே அருந்துவதாகக் காணப்பட்டது. நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் இப்பெருமையை ஈட்டித் தந்த தாய்மாருக்கு, படலைக்கு வெளியே வந்தால் இருக்க இடமில்லை.

பிற நாடுகளும் இவ்வழியிற் தடுமாறியே நடந்தன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பாராளுமன்றத்தில், 2003ஆம் ஆண்டு, பிறந்து 11 நாளான குழந்தைக்குப் பாலூட்டிய உறுப்பினரொருவர் சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. 2017ஆம் ஆண்டு அந்நாட்டு மத்திய செனற் சபையில் லரீசா வாட்டர்ஸ் என்னும் உறுப்பினர் தம் மகளுக்குப் பாலூட்டினார்; எவரும் தடுக்கவில்லை. ஸ்கொத்லாந்தில், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுவிடத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுவதைத் தடுப்பது குற்றமாகும். தமிழ் நாட்டில் 2015ஆம் ஆண்டு பஸ் நிலையங்களிற் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நமது நாட்டிலும் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை உடைய தொழிலாளப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வழங்குகின்றது. சட்டம் நேரத்தைத் தந்தது. மனிதர் இடத்தைத் தரவேண்டும்.

"அடக்கம் வேண்டாமா?" என்று வினவுவோர் உளர். வேண்டும். அன்றைய தாயிடம் அது நிறைய இருந்தது. தலைப்பால் மூடி, முகத்தையும் திருப்பிக்கொண்டாள். இல்லாதது எங்கள் பக்கத்தில். தனியறை அமைப்பது நன்று. விரும்பும் தாய்க்கு அது ஆறுதல். ஆனால் அறை கட்டிவிட்டோம், இனி அதற்குள்ளேதான் போகவேண்டும் என்று விரட்டத் தொடங்கினால், அவ்வறையும் மலகூடக் கதவுபோல் ஆகிவிடும். ஓடும் வண்டியில் அறைக்கு எங்கே போவது?

பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு கதிரையை உள்ளே எடுத்துப் போடலாம். காரியாலயத்தில் வரிசையில் நிற்கும் தாயை முதலில் அனுப்பலாம். கணவன்மார் வெளியே புறப்படுமுன், "பிள்ளைக்குப் பசித்தால் எங்கே இருக்கலாம்?" என்று தாமே யோசிக்கலாம், அக்கவலையை மனைவியிடம் மாத்திரம் விட்டுவிடாதிருக்கலாம். எவரேனும் ஏளனமாகப் பேசினால், ஆச்சிமார் வரும்வரை காத்திராமல், நாமே ஒரு வார்த்தை சொல்லலாம்.

சென்ற தவணையில் அந்தப் புறநானூற்றுப் பாட்டு மீண்டும் வந்தது. இம்முறை நான் விரைந்து கடக்கவில்லை. வழக்கம்போற் பின்வாங்கிற் சிரிப்பு எழுந்தது. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, புகையிரதத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டதையும் மறைக்காமற் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. பின்பு பாட்டை முதலிலிருந்து வாசிக்கும்படி பின்வாங்கு மாணவனொருவனைக் கேட்டேன். அவன் எழுந்து நின்று, எந்தச் சொல்லிலும் தடுமாறாமல், ஈற்றடி வரை வாசித்து முடித்தான்.