ஏழு நாடு பார்த்தவருக்கு ஒரு பதில்

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது, என்னோடு அதே ஆண்டில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"பத்து நாள் இத்தாலி போயிட்டு வந்தீங்களாமே. ரோம் பார்த்தீங்களா?"

"இல்லை."

"வெனிஸ்?"

"இல்லை."

"பைசா கோபுரமாவது?"

"அதுவும் இல்லை."

சம்பளப் பட்டியலில் தன் பெயரைக் காணாத குமாஸ்தா போல அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பணத்துக்கு நாங்க ஏழு நாடு பார்த்துட்டு வந்தோம் சார்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார். எனக்கு அப்போது மூச்சு வாங்கியது. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நண்பர் ஏழு நாடு பார்த்த கதையை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுப்புவார்கள். ஐந்தரைக்குப் பெட்டி அறைக்கு வெளியே இருக்க வேண்டும். பிறகு ஐந்து மணி நேரம் பஸ். இறங்கினால் நாற்பது நிமிடம், அதற்குள் கழிப்பறை, படம், சாவிக்கொத்து. இரவு இந்திய உணவகத்தில் பருப்பும் சோறும். ஓர் ஏரியின் முன்னால் தம்பதியாக நிற்கும் படத்தைக் காட்டினார். எந்த நாட்டு ஏரி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, அவர் மனைவிக்கும் தெரியவில்லை.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் மணியடித்தால் உள்ளே, மணியடித்தால் வெளியே என்று வாழ்ந்த நாம், சொந்தப் பணத்தைக் கொடுத்து ஓய்வுக் காலத்திலும் அதே மணியை வாங்குகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

நானும் என் மனைவியும் பாரி விமான நிலையத்தில் இறங்கி, இருக்கிற வண்டிகளிலேயே சின்னதை வாடகைக்கு எடுத்தோம். இத்தாலியின் குதிகாலான புலியா, அதை ஒட்டிய பசிலிக்காட்டா, இவ்வளவுதான் எங்கள் வரைபடம். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, இருட்டிய பின் ஓட்டுவதே இல்லை என்று புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தோம்.

பெரிய எதிர்ப்பு வீட்டிலிருந்துதான் வந்தது. "எழுபத்திரண்டு வயசுல, வலது பக்கம் ஓட்டுற ஊர்ல, உங்களுக்கு எதுக்குப்பா இது? பேசாம டூர்ல போங்க" என்றான் மகன். பாரிஸில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் ஒரு படி மேலே போனார். ரோமுக்குக் கீழே எல்லாம் திருடர்களாம், நாகரிகம் கிடையாதாம். ஒரு நாட்டின் வடக்கு அதன் தெற்கைப் பற்றி இப்படிப் பேசுவதை நாம் கேட்டதே இல்லையா? பிரான்ஸுக்குப் போய் நாற்பது வருடத்தில் மைத்துனர் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

மகனுடைய பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் நாள் கியரைத் தேடி இடது கை நாலு தடவை கதவில் இடித்தது. திரும்புவதற்கு விளக்குப் போட்டால் கண்ணாடித் துடைப்பான் ஆடியது. ஆனால் அந்த ஊர் ரவுண்டானாவில், ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்குத்தான் முதல் வழி. நம் ஊரில் இடிக்கத் துணிந்தவனுக்கு முதல் வழி. எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். கண் மங்கியவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் ஓட்டக்கூடாது, சந்தேகமே இல்லை. எனக்கும் அந்த நாள் வரும், அன்று சாவியைக் கொடுத்துவிடுவேன். ஆனால் அந்த நாளை மருத்துவரும் நானும் முடிவு செய்வோம். பிள்ளைகளின் பதற்றம் முடிவு செய்யக்கூடாது.

அடுத்த ஆட்சேபம், வாடகை வண்டிக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்பது. ஏமாற்றுவதற்கு முன்பே தாளை நீட்டுகிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. ஆயுள் முழுதும் கோப்பு படித்த நமக்கு நாலு பக்கம் ஒரு பொருட்டா? ஒப்பந்தத்தில் 'ஃபிராங்கிஜியா' என்று ஒரு சொல் இருந்தது. பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு உடனே விளங்கும், நம் 'ஃபிரான்ஷீஸ்'தான் அது. அதாவது காப்பீடு இருந்தாலும், வண்டிக்குச் சேதமானால் இத்தனை யூரோ வரை நம் பொறுப்பு. அந்தத் தொகையைக் கடன் அட்டையில் முடக்கி வைப்பார்கள். அட்டை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். நம் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும், நம் போக்குவரத்து அலுவலகத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள்.

நான் தோற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பர் வேறெங்காவது கேள்விப்பட்டுக்கொண்டு வருவார். இத்தாலியின் பழைய நகரங்களுக்குள் வெளி வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. வெள்ளைத் தட்டில் சிவப்பு வளையம் போட்டிருக்கும், கூடவே கேமரா. ஓர் ஊரில் மின்பலகை 'வார்க்கோ அத்தீவோ' என்றது. என் பிரெஞ்சு மூளை 'வாசல் இயங்குகிறது, போகலாம்' என்று படித்தது. உண்மையில் 'கட்டுப்பாடு அமலில் இருக்கிறது' என்று பொருள். எட்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் அபராதம் பாண்டிக்கு வந்தது. அதற்கு முன்பே, என் முகவரியை அங்கே கொடுத்ததற்கு வண்டிக்காரர் ஒரு கட்டணம் பிடித்துவிட்டார். தவறு என்னுடையது, ஐந்து நாளுக்குள் கட்டினால் சலுகை என்றதால் உடனே கட்டினேன். அரைகுறையாகத் தெரிந்த மொழி, தெரியாத மொழியைவிட ஆபத்து என்பதற்குக் கொடுத்த கல்விக் கட்டணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் ஈடாக என்ன பார்த்தேன் என்பீர்கள்.

பிரிந்திசி பார்த்தேன். ரோமிலிருந்து புறப்பட்ட ஆப்பியா சாலை கடலைத் தொடும் துறைமுகம் அது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு வரும் தபால் 1870 முதல் 1914 வரை அந்த ஊருக்கு ரயிலில் வந்து கப்பல் ஏறியது. இங்கே நம் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது வெளிவந்த இத்தாலிய மதுச்சாடிகளின் துண்டுகளை நம் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பிறந்த நான், துறைமுகப் படியில் நின்ற ஒற்றை ரோமானியத் தூணின் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் கொடியை ஆட்டி என்னை எழுப்பவில்லை.

லெச்சேக்குத் தெற்கே, சாலையின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன ஆலிவ் மரங்கள் மைல் கணக்கில் நின்றன. 2013-இல் கண்டுபிடிக்கப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா லட்சக்கணக்கான மரங்களைக் கொன்றுவிட்டது. பாட்டன் காலத்துக்கும் முந்தைய மரங்கள். தானே புயலுக்கு மறுநாள் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. எந்தச் சுற்றுலா பஸ் இதற்காக நிற்கும்?

கடைசியாக மத்தேரா. முசோலினி அரசு பசிலிக்காட்டாவுக்கு நாடு கடத்திய கார்லோ லேவி 1945-இல் வெளியிட்ட நூலை, வாலிபத்தில் பிரெஞ்சில் படித்த நாளிலிருந்து மனத்தில் கிடந்த ஊர். பாறையைக் குடைந்த வீடுகளில் குடும்பமும் கோவேறு கழுதையும் ஒரே அறையில் வாழ்ந்தார்கள். தேசிய அவமானம் என்று சொல்லி, 1952-இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை வெளியேற்றினார்கள். அதே குகைகளை 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்றது. 2019-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமும் ஆயிற்று.

பழையபடியே வைத்திருக்கும் ஒரு குகை வீட்டுக்குள் போனோம். உயரமான கட்டில், அதை ஒட்டித் தொட்டில், நாலடி தள்ளிக் கழுதை கட்டும் இடம். என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டி வீட்லயும் இப்படித்தாங்க. மழைக்காலத்துல கன்னுக்குட்டி நம்ம பாய் பக்கத்துலதான்" என்றாள். அன்று மாலை வரை அந்தப் பாட்டி வீட்டைப் பற்றியே பேசினாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் நான் கேட்டிராத கதைகள்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நம் வயதுக்காரர்கள். பிள்ளைகள் டூரினிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகளை மூடிவிடுகிறார்கள், நம் பாண்டியில் போலவே. காய்ந்த மொச்சை போன்ற ஒரு பயற்றை மசித்து, கசப்புக் கீரையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தருகிறார்கள். நம் கீரை மசியலுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். அபராதத்தையும் சேர்த்து, ஏழு நாட்டுக்கு அவர்கள் கேட்ட தொகையைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

ஆகவே நண்பரே, ஏழு நாடு பார்த்த நீங்கள் என்னைவிட ஆறு நாடு கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் தேய்ந்த பிறகு நமக்கு மிச்சமிருக்கும் பயணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றையாவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் தீர்மானிக்கும்படி போய்விட்டு வாருங்கள். வண்டி ஓட்ட முடியாவிட்டால் ரயிலில் போங்கள். ஊர் சின்னதாக இருக்கட்டும், நாடு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் கடற்கரையில் சந்திப்போம். அந்த ஏரி எங்கே என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.