தப்புக்கு யார் சீட்டு எழுதுவது?

போன வருசம் நீலகிரியில் எங்க லயின் வீட்டுக்கு ஒருத்தர் வந்தார். படித்தவர். மலையக மக்களின் பழம்பொருட்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். “இலங்கையில இருந்து கொண்டாந்தது ஏதாச்சும் இருக்கா பாட்டி?” என்று அப்பாயியிடம் கேட்டார்.

அப்பாயி தகரப்பெட்டியைத் திறந்துச்சு. கருப்புக் கம்பளி ஒன்று. கொழுந்துக்கூடைக் கயிறு. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. பரணில் தாத்தாவின் தப்பு. வந்தவர் கண் தப்பிலேயே நின்றது. கையோடு ஒரு விவரச் சீட்டும் எழுதிவிட்டார்: ‘தமிழர் பாரம்பரிய இசைக்கருவி.’

வாசித்துக் காட்டினேன். அப்பாயி சிரிச்சுச்சு. “இசைக்கருவியா? விடியுமுன்ன இதை அடிச்சுத்தான் சனத்தைப் பிரட்டுக்கு எழுப்பணும். ஒருநாள் தூங்கிட்டா உங்க தாத்தனுக்குத்தான் அடி.”

தோழர்களே, பிரச்சினை அந்தச் சீட்டில் இருக்கிறது.

கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஆலை ஒன்று 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய எஞ்சின்கள், இலை உருட்டும் எந்திரங்கள், ‘முன்னோடி’ ஜேம்ஸ் டெய்லர் புழங்கிய பொருட்கள் எல்லாம் அங்கே உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான டெய்லர் இலங்கைக்கு வந்தது 1852இல். லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். இதெல்லாம் நடந்ததுதான், மறுக்கவில்லை.

ஆனால் ‘முன்னோடி’ என்றால் என்ன? முன்னால் போனவன். 1820களிலேயே கோப்பித் தோட்டங்களுக்காக நம் சனம் கடல் கடந்துவிட்டது. மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தது. காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மிச்சப்பேர் மலை ஏறினார்கள். டெய்லர் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் மலை ஏறியவர்களுக்குப் பெயர் ‘கூலி’. பின்னால் வந்த துரைக்குப் பெயர் ‘முன்னோடி’. காட்டை வெட்டியவன் கைக்கத்தி எந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது?

எந்திரம் ஓடி முடிந்ததும் பழம்பொருள் ஆகிவிடுகிறது. லயம் அப்படி ஆக மாட்டேன் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயங்களில் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது. சனம் குடியிருக்கும் வீட்டை எப்படி மியூசியத்தில் வைப்பது?

அதையும் செய்து காட்டினார்கள். கம்பளைப் பக்கம் ஒரு லயத்தையே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். ஆலையைக் காட்டும் இடத்தில் தேயிலையின் கதை கிடைக்கும். லயத்தைக் காட்டும் இடத்தில்தான் தேயிலை பறித்தவர் கதை கிடைக்கும். இதை நான் இருகை கூப்பி வரவேற்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வியை எந்த மியூசியத்திடமும் கேட்டே ஆகவேண்டும். நம்மவர் நடத்தினாலும் கேட்கவேண்டும். சாதியை எங்கே வைக்கப்போகிறீர்கள்?

‘மலையகத் தமிழர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடுவது சுலபம். கூட்டிப்போன பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி இந்துக்கள். கூட்டிப்போகப்பட்டவர்களில் பெரும்பான்மை பள்ளர், பறையர், சக்கிலியர். ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. கங்காணி கணக்கில் இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. மனுசனைக் கடனோடு கைமாற்றிய அந்த முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்று கொழுத்தவன் யார்? அவன் நம் பாஷை பேசியவன், நம் ஊர்க்காரன், நம்மைத் தொடாதவன்.

கங்காணியின் வெள்ளிப்பூண் தடியையும் தாத்தாவின் தப்பையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, ‘நம் முன்னோர் புழங்கியவை’ என்று ஒரே சீட்டை ஒட்டினால் அது வரலாறா? அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே சீட்டா?

1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பதினாறு சதக் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு தலை எங்க அப்பாயி. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கேயும் கூடை, அங்கேயும் லயம். ‘தாயகம்’ என்ற சொல்லுக்கும் யாரோதான் சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

தப்பை நாங்கள் கொடுக்கவில்லை. வந்தவர் மனம் வருந்தித்தான் போனார். அவர் கெட்டவர் இல்லை. நம் பொருளை மதிக்கிறவர், நம் சொல்லைக் கேட்கத் தெரியாதவர்.

பழம்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பளி கிழிந்துபோகும், அப்பாயியும் போய்விடும். பாதுகாக்கத்தான் வேண்டும். தோட்டத்து இளைஞர்களே, மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதை இன்றைக்கே இறக்குங்கள். பொருளுக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கொடுங்கள், சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

எங்கள் தப்புக்கு அப்பாயி சொல்லி நான் எழுதிவைத்த சீட்டு இது:

‘தப்பு. மாட்டுத்தோல். இதை அடித்தவர் பறையர். துரை தூங்கும்போது இவர் விழித்திருந்தார். இதற்குத் தனிக்கூலி கிடையாது.’

இந்தச் சீட்டை ஒட்ட எந்த மியூசியம் தயார்? அங்கே தப்பைக் கொண்டுவந்து நானே மாட்டுகிறேன்.