வண்டியை ஓரம் கட்டும்மா!

சகோதரிகளே, இந்த மூன்று வார்த்தை காதில் விழுந்ததும் வயிற்றில் புளியைக் கரைக்காத பெண் நம்மில் யாராவது உண்டா? தலையில் ஹெல்மெட் இருக்கும். கைப்பையில் லைசென்ஸ் இருக்கும். சிக்னலைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனாலும் கால் நடுங்கும்; நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்ளும். ‘நான் என்ன தப்பு பண்ணினேன்?’ என்று மனசு பின்னோக்கி ஓடி, காலையில் அடுப்பை அணைத்தோமா என்பது வரைக்கும் தேடிப் பார்த்துவிடும்!

எங்கள் பேட்டையில் மாவடு வாங்கப் போன இடத்தில் ஒரு நாள் இந்தப் பேச்சு கிளம்பியது. கூடையைச் சுற்றி நின்ற ஆறு பெண்களில் நாலு பேருக்கு ஒரே புகார்தான். “ஒரு காரணமும் இல்லே, சும்மாவே நிறுத்தறாங்க!”

சும்மாவா? சில சமயம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். பக்கத்துத் தெருவில் சங்கிலி பறித்துக் கொண்டு ஓடியவன் சிவப்பு வண்டியில் போனான் என்று அவர்களுக்குத் தகவல் வந்திருக்கும். நம் வண்டியும் சிவப்பாக இருக்கும். அதை நம்மிடம் விவரித்துக் கொண்டிருக்க மாட்டார்கள். தேர்தல் சமயம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கையில் இருந்து, அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால் பிடித்து வைத்து விடுவார்கள். கல்யாணத்துக்கு நகை வாங்கப் போகிறவர்கள் அந்த மாதங்களில் வங்கிச் சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். வெயிலில் தார் ரோட்டில் எட்டு மணி நேரம் நிற்கிற கான்ஸ்டபிளும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான். அதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆனால் என் மருமகளை நிறுத்தின கதை வேறு. குழந்தைக்கு ஜுரம் 102 டிகிரி. இரவு ஒன்பதரை மணி. மகன் வேலை விஷயமாக வெளியூரில். நான் குழந்தைக்கு ஈரத் துணி போட்டுக் கொண்டிருந்தேன்; அவள் ஸ்கூட்டியில் மருந்துக் கடைக்குப் போனாள். மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தினார்கள். லைசென்ஸைக் காட்டினாள். அதோடு விட்டிருக்க வேண்டும்தானே?

“இந்த நேரத்துல எங்கேம்மா போறே?”

“மருந்துக் கடைக்கு சார்.”

“வீட்டுக்காரர் எங்கே? அவரு போக மாட்டாரா? போன் போடு, பேசறேன்.”

அவள் போன் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பிறந்த வீடு எது, எந்த ஊர், புருஷன் எங்கே வேலை, எத்தனை வருஷமாகக் கல்யாணம் என்று அத்தனையும் சொல்லியிருக்கிறாள். பதினைந்து நிமிஷம். வீட்டுக்கு வந்து மருந்தை என் கையில் கொடுத்துவிட்டு, “நான் என்ன அத்தை, ஓடிப் போறவளா?” என்று அழுதாள் பாருங்கள், எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் எங்கள் உறவில் வக்கீலாக இருக்கும் ஒரு பெண்ணை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் விளக்கியதில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 130-ஆவது பிரிவு. பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவரிடம், சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். ‘காரணம் சொல்லுங்கள், அப்புறம் காட்டுகிறேன்’ என்று வாதாட இடமில்லை. ஆகவே, காரணமே இல்லாமல் நிறுத்தினார்கள் என்பதை மட்டும் வைத்துக் கொண்டு சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. ஆனால் அந்தப் பிரிவில் லைசென்ஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. புருஷன் என்று எழுதியிருக்கவில்லை! நல்லபடியாக, குரலை உயர்த்தாமல், “மருந்துக் கடைக்குப் போறேன் சார், குழந்தைக்கு ஜுரம். லைசென்ஸ் பாத்துட்டீங்கன்னா நான் கிளம்பலாமா?” என்று கேட்கலாம். “கிளம்பலாமா?” என்ற அந்த ஒரு கேள்வியை மருமகளுக்கு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சிரிக்காதீர்கள். பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுகிறோம் இல்லையா, அந்த மாதிரிதான். பயத்தில் வாய் அடைத்துப் போகும்போது பழகின வார்த்தைதான் கை கொடுக்கும்.

லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டால்? 2018 நவம்பரில் விதியைத் திருத்தி, மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்று அரசாங்கமே செயலி வைத்திருக்கிறது. அதில் லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம் எல்லாம் ஏற்றி வைத்துக் கொள்ளலாம். ஆனால் சும்மா போனில் போட்டோ எடுத்து வைத்தது போதாது. செயலிக்குள் இருப்பதுதான் கணக்கு. மத்தியானம் சமையல் ஓய்ந்த நேரத்தில் ஒரு அரை மணி ஒதுக்கினால் முடிந்துவிடுகிற வேலை. வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம், பத்து நிமிஷத்தில் பண்ணிக் கொடுத்துவிடும்.

அபராதம் என்று சொன்னால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கையில் கொடுக்கிற பணம் அபராதம் இல்லை. அதற்கு வேறு பெயர் உண்டு. லைசென்ஸை வாங்கி வைத்துக் கொள்வதாக இருந்தாலும் தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று 206-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 2019 திருத்தத்தின்படி 1,000 ரூபாய். அதற்கு நான் யாருக்கும் பரிந்து பேச மாட்டேன். பூ வைத்த தலை கலைந்துவிடும் என்று ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக் கொண்டு போகிற நம் பெண்களைப் பார்த்தால் எனக்கே ஓரம் கட்டத் தோன்றும்!

இன்னும் கொஞ்சம் முக்கியமான விஷயம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் பெண்களுக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. சூரியன் அஸ்தமித்த பிறகும் உதயமாவதற்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விசேஷக் காரணம் இருந்தாலும் பெண் அதிகாரிதான் எழுத்து மூலம் எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பெண்ணின் உடம்பைச் சோதனை போடுவதென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்கு என்று பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும். ‘சும்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போம்மா’ என்றால் இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

மருமகள் விஷயம் இதோடு ஒரு வழியாகத் தெளிந்தது. ஆனால் என் மனசு முழுக்க வேறொருத்தியிடம் போய்விட்டது. எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வருகிற அம்மாவின் மகன். வயசு இருபத்திரண்டு. ராத்திரியெல்லாம் கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டு, விடியற்காலம் மாமனுடைய பழைய பைக்கில் வீட்டுக்குப் போகிறவன்.

“வாரத்துக்கு மூணு நாள் நிறுத்திடறாங்கம்மா. எவன் வண்டிடா, எங்க திருடினேங்கறாங்க. கீழ உக்காருன்னு சொல்றாங்களாம். எம்புள்ள மூஞ்சியப் பாத்தாலே நிறுத்தத் தோணுது போல.”

இதே மேம்பாலத்துக்கு அடியில், ஏறக்குறைய இதே நேரத்தில், என் மகன் இரவு ஷிப்ட் முடிந்து காரில் வருகிறான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவனை யாரும் கை காட்டி நிறுத்தியதில்லை. காருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததும் இல்லை. இரண்டு பேரும் தாய் பெற்ற பிள்ளைகள்தான். ஒருத்தன் சட்டை இஸ்திரி போட்டது. இன்னொருத்தன் சட்டையில் மூட்டையின் மண். காரணமே இல்லாமல் நிறுத்துகிறார்கள் என்று நாம் சொல்வது இங்கேதான் உண்மையாகிறது. அவன் என்ன செய்தான் என்று பார்ப்பதில்லை. அவன் யார் மாதிரி இருக்கிறான் என்று பார்க்கிறார்கள்.

இது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தான். சென்னை மாகாணத்துக்கு அது 1911-ல் வந்தது. இன்ன ஜாதியில் பிறந்தால் ஸ்டேஷனில் ரேகை பதிய வேண்டும். ராத்திரி இருக்கிற இடத்தைக் காட்ட வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. இங்கே 1947-ல் அந்தச் சட்டம் போயிற்று. நாடு முழுக்க 1952-ல் போயிற்று. சட்டம் போன அளவுக்குப் பழக்கம் போகவில்லை.

கீரைக்காரம்மா எதற்குப் பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் இதே சென்னையில் ராத்திரி வாகனச் சோதனையில் ஒரு ஆட்டோவை நிறுத்தினார்கள். அதில் வந்த இளைஞன் மறுநாள் காவலில் இறந்து போனான். போலீஸ்காரர்கள் மேலேயே கொலை வழக்குப் பதிவாயிற்று. பேப்பரில் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கம் திருப்பினோம். அவள் திருப்பவில்லை. மகன் வண்டிச் சத்தம் சந்தில் கேட்கிற வரைக்கும் வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் கட்டுகிற கீரைக் கட்டுதான் காலையில் நம் வீட்டுக்கு வருகிறது.

என்னால் ஆனது கொஞ்சம்தான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, லைசென்ஸைப் போனில் ஏற்றிக் கொடுக்கச் செய்தேன். வண்டி மாமன் பெயரில் இருப்பதால் ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸையும் எம்-பரிவாகனில் சேர்த்தாயிற்று. வண்டியைத் தன் அக்கா மகனுக்கு ஓட்டக் கொடுத்திருப்பதாக மாமனிடம் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வாங்கி பிளாஸ்டிக் உறையில் வைத்தோம். அந்தக் கடிதம் சட்டத்தில் கேட்கிற காகிதம் இல்லை; ஆனால் ‘எவன் வண்டிடா?’ என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும். எதிர்த்துப் பேசாதே, ஓடாதே, கை இரண்டும் தெரிகிற மாதிரி நில் என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. என் மகனுக்கு நான் இந்தப் பாடம் சொல்லித் தர வேண்டியிருந்ததே இல்லை.

“அப்படியும் கூட்டிட்டுப் போயிட்டா என்னம்மா பண்றது?” என்று கேட்டாள் கீரைக்காரம்மா.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. கைது செய்கிறவர் பெயர்ப் பட்டையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அணிந்திருக்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. இதையெல்லாம் அவளிடம் சொல்லச் சொல்ல, “இத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்குமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

நியாயமான பேச்சு! ஒன்றே ஒன்று என்றால், 15100 என்ற டெலிபோன் நம்பர். இலவச சட்ட உதவிக்கானது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வழக்கில் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அவள் கேட்டுக் கொண்டபடி தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அந்த ஐந்து எண்ணையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். வாசல் நிலைக்கு உள்பக்கம், போன் சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாளாம். மருமகளும் எங்கள் வீட்டு பிரிஜ் கதவில் ஒன்று ஒட்டியிருக்கிறாள்.