இரு நதிகளின் நடுநாடு

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில், ஏதேனிலிருந்து பிரிந்தோடிய நான்கு ஆறுகளின் பெயர்கள் வருகின்றன. சீர்திருத்த சபையார் நெடுங்காலமாகப் படித்துவரும் மொழிபெயர்ப்பில் மூன்றாம் ஆறு இதெக்கேல். நான்காம் ஆறு ஐபிராத்து. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலோ அவை திக்ரீசு, யூப்பிரத்தீசு. இரு நூல்களும் உள்ள இல்லங்களில் இதுபற்றி ஐயம் எழுவது இயல்பே. ஆறுகள் வேறல்ல, இதெக்கேல் எபிரேய வழி வந்த பெயர், பின்னவை கிரேக்க வழி வந்தவை.

எனினும் எபிரேயரும் அவற்றைப் படைத்தாரல்லர். அந்நிலத்தில் முதன்முதல் எழுத்துக் கண்ட சுமேரியர் ஓர் ஆற்றை இடிக்னா என்றும், மற்றதைப் புரனுனா என்றும் வழங்கினர். அக்காதியர் நாவில் அவை இதிக்லத், புரத்து ஆயின. அரபியர் இன்றும் திஜ்லா, ஃபுராத் என்பர். பாரசீகர் மட்டும் முன்னதைத் திக்ரா எனத் திரித்தனர். அதுவே கிரேக்கரிடம் திக்ரிஸ் ஆயிற்று. அம்புபோல் விரைந்தோடுவதால் இப்பெயர் பெற்றது எனப் பண்டை ஆசிரியர் சிலர் விளக்கினர். அழகிய விளக்கமே! ஆயின் சுமேரியப் பெயர் அந்த அம்பினும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது.

நாட்டின் பெயருக்கு வருவோம். ஆபிரகாம் தம் மகனுக்குப் பெண் தேட ஊழியரை அனுப்பிய நாட்டை எபிரேய மூலம் 'ஆராம் நகராயிம்' என்கிறது. 'நாகார்' என்றால் ஆறு. 'ஆயிம்' என்பது இருமை விகுதி. ஒருமை, பன்மை என்னும் இரண்டோடு அமையும் தமிழர்க்கு இவ்விருமை புதிது. வடமொழி கற்றோர் அறிவர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மறைநூலைக் கிரேக்கமாக்கியோர், நடு எனப் பொருள்படும் 'மெசோஸ்', ஆறு எனப் பொருள்படும் 'பொத்தமோஸ்' என்னும் சொற்களால் அதை மெசொப்பொத்தாமியா ஆக்கினர். வடபகுதியை மட்டும் குறித்த அப்பெயர், பின்னர் தென்கோடி வரை விரிந்தது.

அந்நாட்டுக் கிறிஸ்தவர் தம் சுரியானி மொழியில் அதனைப் 'பெத் நஹ்ரின்' என்றும், திக்ரீசைத் 'தெக்லத்' என்றும் அழைக்கின்றனர். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர் வழிபாட்டில் போற்றும் மொழியும் இதுவே. 2014 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, மோசூலுக்கு அருகிலுள்ள கரக்கோஷ் நகரத்து மக்கள் கொடியோர்க்கு அஞ்சி, உடுத்த துணியோடு வெளியேறினர். 2016-இல் நகர் மீட்கப்பட்டது; 2021 மார்ச் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்குள்ள ஆலயத்தில் செபித்தார். ஆனால் திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே. ஏனையோரில் பலர் ஆஸ்திரேலியா, ஐரோப்பா எனச் சிதறினர். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் திக்ரிஸ் என்றே கற்பிக்கும். தெக்லத் என்னும் சொல்லைத் தாய் சொன்னால் உண்டு. இன்றேல் திருவழிபாட்டில் கேட்டால் உண்டு.